பூனைக்குப் பல் வேண்டாம்

ஸ்டாம்ப் அக்காவுக்கு விலங்கு என்றாலே பயம். எதிரே நாய் வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். அந்தப் பக்கம் பூனை உட்கார்ந்திருந்தால் நடுத்தெருவில் நின்று யோசிப்பார். பல்லியைக் கண்டால் யோசனையே கிடையாது, நேராக நாற்காலி மேல்தான். நாற்பத்தாறு வயதுக்குள் அவர் தானாக விரும்பித் தொட்ட ஒரே உயிர், பஸ் டிரைவரான அவருடைய கணவர் மட்டும்தான். அதுவும் மீசையை எடுத்த பிறகு என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவரிடம் ஊரே போன் போட்டு நாய்க்கும் பூனைக்கும் கோழிக்கும் யோசனை கேட்டது என்றால், அதற்கு ஒரு பெயிண்டர்தான் காரணம். கால்நடை மருத்துவமனை புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, போர்டு எழுதியவர் போன் நம்பரின் கடைசி இலக்கமான மூன்றை எட்டாக்கிவிட்டுப் போய்விட்டார். எட்டில் முடிகிற நம்பர், இரண்டு தெரு தள்ளியிருந்த அக்காவின் ரப்பர் ஸ்டாம்ப் கடை நம்பர்.

கடை என்றால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டிய அகலம். ஒரு கம்ப்யூட்டர், ரப்பரை இறுக வைக்கிற விளக்குப் பெட்டி, கழுவுகிற பிரஷ், அலமாரி நிறைய மரக் கைப்பிடிகள். ‘பெறப்பட்டது’, ‘நகல்’, ‘அவசரம்’ என்று நாளெல்லாம் எழுத்தைத் திருப்பிப் போட்டு ஸ்டாம்ப் செய்து செய்து, அக்காவுக்கு நேரான எழுத்தைவிடத் தலைகீழ் எழுத்துதான் சட்டென்று கண்ணில் படும்.

முதல் போன் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது.

“டாக்டர்! என் கோழிக்கு வலிப்பு! மண்ணுல விழுந்து புரண்டு புரண்டு துடிக்குது!”

“ஐயா, இது ஸ்டாம்ப் கடை…”

“றெக்கையைப் போட்டு அடிச்சுக்குது டாக்டர்! ஒரு கண்ணு மூடிப்போச்சு! ஏதாவது சொல்லுங்க!”

கூப்பிட்டவர் அடுத்த தெரு பேக்கரிக்காரர். ஆசைப்பட்டு நாலு கோழி வாங்கிக் கொல்லையில் விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் அழுகிற அழுகையில் ‘ராங் நம்பர்’ என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. கால்நடை டாக்டரம்மா ஆள் அனுப்பிக் கேட்ட முத்திரையைச் செய்து கொடுத்ததே அக்காதான். அந்த முத்திரையைக் குத்திப் பார்த்த தாளில் டாக்டரின் சரியான நம்பர் இருந்தது. “கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு, கணவரின் பழைய போனில் டாக்டரைப் பிடித்தார்.

“மண்ணுலதானே புரளுது?” என்றார் டாக்டர். “அது குளிக்குதும்மா. கோழி மண்ணுலதான் குளிக்கும். பேன் போறதுக்கு. காஞ்ச மண்ணோட கொஞ்சம் சாம்பல் கலந்து வச்சா இன்னும் நல்லது. வச்சிடறேன், கையில நாய் இருக்கு.”

போன் தன் கடைக்கு மாறி வந்ததைச் சொல்ல அக்கா வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

“ஐயா, உங்க கோழி குளிக்குதாம்.”

எதிர்முனையில் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“நான் வேற அது மேல ஒரு வாளித் தண்ணியை ஊத்திட்டேனே” என்றார் பேக்கரிக்காரர்.

அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பில் மூன்று ஸ்டாம்ப் கோணலாக ஒட்டிக்கொண்டன.

அதோடு முடிந்ததா? மறுநாள் நாலு போன். அதற்கு அடுத்த நாள் ஏழு. முயல் தன் புழுக்கையைத் தானே தின்கிறது என்று ஒரு பெண் குமட்டிக்கொண்டே சொன்னார். அக்கா டாக்டரைக் கேட்டார்; முயல் என்றால் அப்படித்தான், தின்னாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்று பதில் வந்தது. முற்றத்தில் குருவிக்குஞ்சு விழுந்து கிடக்கிறது என்றார் இன்னொருவர். றெக்கை முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது, பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டுக் குஞ்சை அதன் பாட்டுக்கு விட வேண்டும். றெக்கை முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே எடுத்து வைக்கலாம், மனிதக் கை பட்டதற்காகத் தாய் கைவிட்டுவிடாது. பறவைக்கு வைக்கிற தண்ணீர் ஆழமில்லாத தட்டில் இருக்க வேண்டும், நடுவில் ஒரு கல், தினமும் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர். நாய்க்கு வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் வாசனைக்குக்கூட ஆகாது. எல்லாவற்றையும் ஸ்டாம்ப் குத்திப் பார்த்த தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைத்தார் அக்கா. ஒருமுறை கேட்டதை மறுமுறை டாக்டரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டரோ ஒவ்வொரு முறையும் பதிலைச் சொல்லி முடித்ததும் “வச்சிடறேன், கையில பூனை இருக்கு”, “வச்சிடறேன், கன்னுக்குட்டி வெளிய வருது” என்று வைத்துவிடுவார். எட்டு மாதமாகியும் போர்டு விஷயத்தைச் சொல்ல அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை. போகப் போக, அவரும் இடம் தேடவில்லை என்பதே உண்மை. போன் மணி அடித்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். சாயங்காலம் கணவருடைய பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வீடு போகும்போது, அன்றைய போன்களைக் கதை கதையாகச் சொன்னார். “ஏம்மா, பல்லி வந்தா மட்டும் என்னைக் கூப்பிடறே” என்பார் கணவர். “அது வேற, இது போன்” என்பார் அக்கா.

திரும்பத் திரும்ப வந்தது பூனைக் கேள்விதான். பூனைக்குப் பால் வைத்தேன், வயிற்றால் போகிறது, என்ன செய்ய? வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, தண்ணீர் போதும் என்று சொல்லிச் சொல்லி அக்காவின் தொண்டை வறண்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தொழில் கையில் இருக்கிறதே! ஒரு ஸ்டாம்ப் செய்துவிட்டால் என்ன?

யோசனையைக் கேட்டதும் பேக்கரிக்காரர் தலைகால் புரியாமல் குதித்தார். “செய்யுங்கக்கா! சீட்டுல குத்திக் குடுங்க, ரொட்டிப் பாக்கெட் ஒவ்வொண்ணுலயும் நான் ஒட்டறேன். ஊர் பூரா என் ரொட்டிதானே சாப்பிடுது!”

கம்ப்யூட்டரில் அக்கா அந்த வரியை அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு போன். ஒருவருடைய கிளி, தலையை ஆட்டி ஆட்டி அவர் விரலிலேயே வாந்தி எடுக்கிறதாம். “பயப்படாதீங்க, அதுக்கு உங்க மேல ஆசை. இரையூட்டுது” என்றார் அக்கா. “என் பொண்டாட்டி பக்கத்துலதான் இருக்கா, மெதுவா சொல்லுங்க” என்றார் அந்த ஆள். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து திரை மங்கிவிட்டது. மங்கிய திரையிலேயே மீதி எழுத்தை அடித்து, பிலிம் எடுத்து, விளக்குப் பெட்டியில் வைத்து, கழுவி, கைப்பிடியில் ஒட்டி, இருநூறு சீட்டில் குத்தி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை காலை இருநூறு ரொட்டிப் பாக்கெட்டுகள் இருநூறு வீட்டுக்குப் போயின.

பத்தரை மணிக்கு, டாக்டரம்மா தன் அறையில் ஒரு பெரியவரைப் பார்த்தார். மூடிய கூடைக்குள் அரைப் புலி அளவுக்கு ஒரு பூனை உறுமிக்கொண்டிருந்தது.

“எல்லாப் பல்லையும் எடுத்துடுங்க டாக்டர்” என்றார் பெரியவர்.

“ஏன், பல்லு ஆடுதா?”

“இல்ல. நல்லா கெட்டியாத்தான் இருக்கு. நேத்துகூடக் கடிச்சுது. ஆனா வேண்டாம்னு எழுதியிருக்கே.” சட்டைப்பையிலிருந்து ரொட்டி உறையை எடுத்து நீட்டினார்.

நீல மையில் பளிச்சென்று இருந்தது: ‘பூனைக்குப் பல் வேண்டாம். தண்ணீர் போதும்.’

“தண்ணியை மட்டும் குடிச்சுக்கிட்டு இருந்தா, பல்லு எதுக்குன்னு நானும் யோசிச்சேன்” என்றார் பெரியவர்.

அவரைச் சமாதானப்படுத்திப் பூனையைப் பல்லோடு அனுப்பிவைத்துவிட்டு, உறையில் இருந்த பேக்கரியைப் பிடித்து, அங்கிருந்து ஸ்டாம்ப் கடையைக் கண்டுபிடித்து, டாக்டரம்மா மதியம் நேராக வந்து நின்றார்.

“இது நீங்க அடிச்சதா?”

அக்கா வாங்கிப் பார்த்தார். தலைகீழாக ஆயிரம் எழுத்தைப் படித்த கண்ணுக்கு, நேரான எழுத்தில் ஒரே ஒரு துணைக்கால் விட்டுப்போனது தெரியாமல் போயிருந்தது. “ஐயையோ! பால் டாக்டர், பால்! கால் விட்டுப்போச்சு!”

டாக்டரின் முகத்தில் கோபம் பாதியில் நின்றது. “இருங்க. இந்தக் குரல்… நாலு கோழி, ரெண்டு முயல், கிளி, ஆமை, பத்துப் பதினஞ்சு பூனை வச்சிருக்கிற அம்மாதானே நீங்க? எட்டு மாசமா உங்க வீட்டை ஒரு தடவை வந்து பாக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். எங்க அதெல்லாம்?”

“எங்கிட்ட ஒரு எறும்புகூட இல்ல டாக்டர்” என்றார் அக்கா அசடு வழிய. பிறகு போர்டு, மூன்று, எட்டு, கையில நாய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். டாக்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். சிரிப்பு வருகிறதா, கோபம் வருகிறதா என்று அவருக்கே புரியவில்லை.

அது புரிவதற்குள் பேக்கரிக்காரர் கோழியும் கையுமாக உள்ளே பாய்ந்தார். “அக்கா! காலையிலேர்ந்து முக்கி முக்கி நிக்குது! வாலைத் தூக்கவே மாட்டேங்குது! நடக்கவும் இல்ல!”

டாக்டர் எழுந்து கோழியின் அடிவயிற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். “முட்டை மாட்டிக்கிச்சு.”

“வெதுவெதுப்பான தண்ணி” என்று அக்காவின் வாய் தானாகச் சொன்னது. “வயிறு மூழ்கற அளவுக்கு. கால் மணி நேரம். சத்தம் போடக் கூடாது. அப்புறம் துணியில சுத்தி, இருட்டா ஒரு இடத்துல வைக்கணும். அதுக்கும் வரலைன்னா டாக்டர்கிட்ட போகணும்.”

“டாக்டர் இங்கதான் இருக்கேன்” என்றார் டாக்டர். “அவ்வளவும் தெரியுதே. பிடிங்க.”

“நானா?”

“அவரைப் பாருங்க.” பேக்கரிக்காரர் தன் கடை மாவு மாதிரி வெளுத்து, சுவரோடு சரிந்துகொண்டிருந்தார்.

பக்கத்துக் கடையிலிருந்து புது பிளாஸ்டிக் வாளி வந்தது. கெட்டிலில் சூடு பண்ணிய தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து, டாக்டர் முழங்கையை விட்டுப் பதம் பார்த்தார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். கையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. இறகு இவ்வளவு வழவழப்பாக இருக்கும் என்று அவருக்கு யாரும் போனில் சொன்னதில்லை. அதற்கு உள்ளே சூடு. சூட்டுக்கும் உள்ளே, தையல் மெஷின் மாதிரி படபடவென்று ஒரு துடிப்பு. தன்னைவிட இது அதிகமாகப் பயந்திருக்கிறது என்று தெரிந்ததும் அக்கா கண்ணைத் திறந்தார்.

“இரு கண்ணு, இரு கண்ணு” என்று சொல்லிக்கொண்டே கோழியை வாளியில் இறக்கினார். அது கொஞ்ச நேரம் உறுத்துப் பார்த்தது. பிறகு தண்ணீரின் சூடு பிடித்துப்போய், கண்ணைச் செருகிக்கொண்டு அவர் மணிக்கட்டில் அலகை வைத்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்காவுக்கு ஏது கை? டாக்டர் எடுத்தார். “சொல்லுங்க, டாக்டர் பேசறேன்.”

எதிர்முனைக் குரல் கடை முழுக்கக் கேட்டது. “டாக்டர் வேண்டாங்க. அந்த அக்காவைக் குடுங்க. அவங்க நல்லா சொல்லுவாங்க.”

அதுவரை டாக்டர் அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டது. அக்காவும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க வாளித் தண்ணீர் அலையடித்தது. தரையில் கிடந்த பேக்கரிக்காரர், “சத்தம் போடக் கூடாதுன்னு சொன்னீங்களே” என்று தீனமாக முனகினார்.

போனை அக்காவின் காதில் வைத்து டாக்டரே பிடித்துக்கொண்டார். மீன் தொட்டி கலங்குகிறதாம். “தீனியைக் குறைங்க. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுக்குத்தான் போடணும். தண்ணி மொத்தத்தையும் மாத்தாதீங்க, கால் பங்கு போதும்” என்றார் அக்கா, கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே. டாக்டர் தலையை ஆட்டினார். திருத்த ஒன்றும் இல்லை.

துண்டில் சுற்றி, மரக் கைப்பிடிகளைக் கொட்டிவிட்டுக் காலி செய்த அட்டைப்பெட்டிக்குள் கோழியை வைத்து மூடினார்கள். மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். ஸ்டாம்ப் வாங்க வந்த ஒருவரிடம் அக்கா உதட்டில் விரலை வைத்துக் காட்ட, அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் ஓரமாக நின்றுகொண்டார்.

“போர்டை இன்னைக்கே மாத்தச் சொல்லிடறேன்” என்றார் டாக்டர் மெல்ல.

“சரிங்க டாக்டர்” என்றார் அக்கா. சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். “என் நம்பரைச் சரி பண்ணிட்டு, கீழ உங்க நம்பரையும் போட்டுடட்டுமா? சின்னச் சின்ன சந்தேகத்துக்கெல்லாம் உங்களைக் கேக்கட்டும். பெரிசா இருந்தா நீங்க என்கிட்ட அனுப்புங்க. ஆனா ஒண்ணு, இனிமே ஸ்டாம்ப் எது அடிச்சாலும் என்கிட்ட காட்டிட்டுத்தான் குத்தணும்.”

அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். ஈர இறகு வாசனை முழங்கை வரை இருந்தது. “என்னங்க, நான் கோழியைத் தொட்டேங்க! இந்தக் கையால! இப்படிப் பிடிச்சேன்!” என்று எழுந்து நின்று இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். கணவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பின் சீட்டுக்காரர்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டார். ரொட்டி உறை, பூனைப் பல், புது வாளி, பேக்கரிக்காரர் சரிந்தது என்று கதை ஒவ்வொரு திருப்பத்திலும் பஸ்ஸோடு சேர்ந்து சாய்ந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. கணவரும் எங்கேயும் நிறுத்தவில்லை.

“டிரைவர்! என் ஸ்டாப்பு போயே போச்சு!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“இருய்யா!” என்று அவரை அடக்கினார் கண்டக்டர். “அக்கா, நீங்க சொல்லுங்க. முட்டை வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சே!” என்றார் அக்கா. “பெட்டியைத் திறந்து பாக்கறோம், முட்டை ஒரு பக்கம், கோழி அது பாட்டுக்கு அடியில தங்கிப்போன என் ‘அவசரம்’ ஸ்டாம்பைக் கொத்திக்கிட்டு இருக்கு!”