ஒரு வயிறு, பதினோரு வைத்தியம்

என் தம்பியை அவன் வேலை பார்க்கும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒண்ணொண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் எத்தனை பேர் சுற்றி நின்று கத்தினாலும், அவன் வாயிலிருந்து முதலில் வருவது, “இருங்க, ஒண்ணொண்ணாப் பாப்போம்” என்பதுதான். ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தை மாற்ற மாட்டான். ஒன்றை மாற்றுவான், ஓட்டிப் பார்ப்பான், மோட்டார் அறையில் தொங்கும் நோட்டில் எழுதுவான். தேதி, பழுது, செய்த வேலை, முடிவு. முடிவு என்ற கட்டத்தில் ‘இயங்குகிறது’ என்று வரும், இல்லையென்றால் ‘இயங்கவில்லை’ என்று வரும். மூன்றாவதாக ஒன்று கிடையாது.

“ரெண்டை ஒண்ணா மாத்திட்டா எது கெட்டுச்சுன்னும் தெரியாது, எது சரி பண்ணுச்சுன்னும் தெரியாதுக்கா” என்பான்.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அவன் போனில் பேசுவதைக் கேட்க வேண்டும். ‘பயப்படாதீங்க’ என்று மட்டும் சொல்லவே மாட்டான். அந்த வார்த்தையைக் கேட்டால்தான் பயமே வருமாம். உள்ளே எத்தனை பேர், எந்த மாடிக்குப் போக வேண்டும், பையில் என்ன இருக்கிறது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். கதவு திறக்கும்போது உள்ளே இருப்பவர்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் வருவார்கள். இவ்வளவு விவரமானவன் தன் வீட்டில் எப்படி நடந்துகொண்டான் தெரியுமா? சொல்கிறேன்.

அவன் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்தக் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். பதினைந்து வருஷமாக அந்தப் பிரேக்கின்மேல் கால் வைத்தே பழகியவள் அவள். வீட்டில் யார் எதை ஓட்டினாலும் அவள் கால் கீழே ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கும். நல்லவள்தான். ஆனால் அடுத்தவர் கையில் வண்டியை முழுசாக விட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவளால் ஆகாது.

நான் அவர்களுக்குக் கீழ்வீடு. ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறேன். மேலே நாற்காலி நகர்ந்தால்கூட எனக்குக் கேட்கும், அப்புறம் வயிறு கேட்காதா?

வயிறு அவர்கள் மகளுடையது. ஒன்பது வயது. எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பாள் என்பதால் எங்களுக்கு அவள் ‘எறும்பு’. நாலு வயதிலிருந்தே வயிறு அவளைப் படுத்துகிறது. மூன்று நாள் ஒன்றும் வராது, வயிறு கல் மாதிரி ஆகிவிடும், சுருண்டு படுத்துவிடுவாள். நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். டாக்டரம்மா பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். “பயப்படற மாதிரி எதுவும் இல்லை. குடல் மெதுவா வேலை செய்யுது. இந்தப் பவுடரைத் தினம் சாயந்திரம் தண்ணியில கலந்து குடுங்க. ஆறு மாசம் விடாம குடுக்கணும். நடுவுல வேற எதையும் மாத்தாதீங்க.”

ஆறு மாசமாம்! இவர்கள் ஆறு நாள் தாங்கவில்லை. எறும்பு கழிவறைக்குள் போனால் போதும், வெளியே இரண்டு பேரும் காவல் நிற்பார்கள்.

“வந்துச்சா?”

“இல்லப்பா.”

“முக்காத! வலிக்குதா? எங்க வலிக்குது?”

“அம்மா, நீங்க ரெண்டு பேரும் போனாத்தான் வரும்.”

போக மாட்டார்கள். நாலடி தள்ளி நின்று மூச்சை அடக்கிக் கேட்பார்கள். கீழே நானும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன் என்பது வேறு விஷயம்.

பிறகுதான் வைத்தியங்கள் வரத் தொடங்கின. தம்பியின் கூட வேலை பார்ப்பவன் இனிப்பு உருண்டை கொடுக்கும் ஒருவரைச் சொன்னான். காரோட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மா, இலைக் கசாயத்தில் தன் பிள்ளைக்குப் பத்தே நாளில் குணமானதாகச் சொன்னாள். ஊரில் வயிறு இல்லாதவன் யார்? ஆளுக்கொன்று சொன்னார்கள். தம்பிதான் சட்டம் போட்டான்.

“எல்லாத்தையும் செஞ்சு பாப்போம். ஆனா ஒண்ணொண்ணா. பவுடர் அது பாட்டுக்கு இருக்கட்டும். அதோட ஒரு வைத்தியத்துக்கு மூணு வாரம். முதல்ல இனிப்பு உருண்டை. அது முடியற வரைக்கும் யாரும் வேற எதையும் தொடக்கூடாது.”

சமையலறைச் சுவரில் ஆணி அடித்து, கயிறு கட்டி, நோட்டைத் தொங்கவிட்டான். தேதி, பழுது, செய்த வேலை, முடிவு. நான் சிரித்தே செத்தேன். பெற்ற பெண்ணின் வயிற்றுக்கு எதிரே ‘இயங்கவில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போடுவான்.

முதல் வாரம் முழுக்க இயங்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரே நாளில் ஐந்து தடவை இயங்கியது. அடுத்த நான்கு நாள் அடைத்துக்கொண்டது. அப்புறம் மறுபடி ஓட்டம். தம்பி அந்த நோட்டின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான். “ஒரே ஒரு பார்ட்தான்கா மாத்தினேன். எப்படி இப்படி ஓடுது?”

“எனக்கென்ன தெரியும்?” என்றேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் கடற்கரை முகாம் அறிவித்தார்கள். போன வருஷமும் இதே முகாம் வந்தது. வயிறு சரியில்லை என்று எறும்பை அனுப்பவில்லை. எல்லாரும் போய்விட்டு, சிப்பியும் வெயிலில் கறுத்த முகமுமாகத் திரும்பி வந்தபோது, கீழே என்னிடம் வந்து துணிமூட்டைக்குப் பின்னால் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் இருபது நாள் முன்னாலேயே பையைக் கட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டாள். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்ட படிவம் வெள்ளிக்கிழமை பள்ளியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் கிடையாது.

வியாழக்கிழமை சாயந்திரம் சாப்பாட்டு மேசையில் படிவம். தம்பி பேனாவோடு உட்கார்ந்தான். ஒரு நியாயத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் மேலே கூப்பிட்டிருந்தார்கள். ‘பிள்ளை வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மருந்துகள்’ என்று போட்டு, கீழே மூன்று கோடு. முதல் கோட்டில் பவுடர் என்று எழுதினான். இரண்டாவதில் இனிப்பு உருண்டை.

“அவ்ளோதான்” என்று மூடியைப் போட்டான்.

எறும்பு அசையவில்லை. “அப்பா, எல்லாத்தையும் எழுதணும். மறைச்சா பஸ்ல ஏத்த மாட்டோம்னு டீச்சர் சொல்லிட்டாங்க.”

“எல்லாத்தையும்தானே எழுதியிருக்கேன்?”

அவள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், போகிற போக்கில் என்னையும் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். படிக்கலாமா? படிச்சா சொன்ன மாதிரி ஆகாதுல்ல?” என்று கேட்டுவிட்டு, டிராயிங் நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

“காலை ஆறு. அப்பா. செம்பு டம்ளர்ல வெந்நீர். அம்மா குளிக்கும்போது.”

தம்பி மனைவி திரும்பினாள். “ஏங்க?”

“ஆறு பத்து. அம்மா. ஊறவெச்ச விதைத் தண்ணி. அப்பா ஷேவ் பண்ணும்போது. ஆறரை. அப்பா. காலுக்கடியில மரக்கட்டை உருட்டறது, நூறு தடவை. ஏழே முக்கால். அம்மா. கசாயம், கார்ல, ரெண்டாவது சிக்னல்ல. எட்டு. அம்மா. கட்டைவிரலை அமுக்கறது, பள்ளிக்கூட வாசல் வரைக்கும்.”

“கசாயமா!” என்று தம்பி எழுந்தான். “ஒண்ணொண்ணான்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க, சொன்னீங்க. அப்ப மரக்கட்டை யாரு உருட்டினா?”

“அது மருந்தில்லையே, கட்டைதானே!”

“நாலு மணி. அப்பா. பச்சை சொட்டு, பதினஞ்சு. நாலரை. அப்பா. காந்த பெல்ட், அம்மா வர்ற வரைக்கும். அஞ்சரை. அம்மா. இடது பக்கம் படுத்து மூச்சு விடறது.”

காந்த பெல்ட் என்றதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “அடப்பாவிகளா, இது பச்சைப் பிள்ளை வயிறா, பரிசோதனைக் கூடமா? புத்தி இருக்கா ரெண்டு பேருக்கும்? நோட்டு ஒரு கேடா!” என்று நன்றாகவே ஏறிவிட்டேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

“ஆறு மணி. அத்தை. தொப்புள்ல எண்ணெய். கீழ் வீட்டுல, திரைக்குப் பின்னாடி.”

நான் மேசைவிரிப்பின் ஓரத் தையலைப் பார்த்தேன். கோணலாகத் தைத்திருந்தார்கள்.

“அண்ணி, நீங்களுமா?” என்றாள் தம்பி மனைவி.

“ஒரு சொட்டுதான்மா. எண்ணெய் யாரை என்ன பண்ணும்?”

“ஒரு சொட்டு இல்ல அத்தை. மூணு” என்றாள் எறும்பு. பொய் எழுதக் கூடாதாமே, அதனால்.

பவுடரையும் உருண்டையையும் சேர்த்துப் பதினோரு வைத்தியம். ஒன்றுக்கொன்று இடிக்காமல், ஒருவர் கண்ணில் இன்னொருவர் படாமல், ஒன்பது வயசுப் பிள்ளை மணி பார்த்து நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். சுவரில் தொங்கிய நோட்டு சும்மா. நிஜ நோட்டு இதுதான்.

அப்புறம் நடந்த சண்டையை எழுதினால் தாள் போதாது. நீ தொடங்கினாய், நீங்கள்தான் தொடங்கினீர்கள் என்று நடந்தது. எறும்பு மெதுவாக எழுந்து, கட்டிலடியிலிருந்து பையை இழுத்து, ஒவ்வொரு துணியாக வெளியே எடுக்கத் தொடங்கினாள். தம்பி மனைவிதான் முதலில் பார்த்தாள்.

“என்னடி பண்றே?”

“மூணு கோடுதான் இருக்கு. இவ்ளோ எழுத முடியாது. அப்ப அனுப்ப மாட்டீங்கல்ல?”

“யாரு சொன்னா?” என்று அவள் அம்மா படிவத்தைப் பறித்தாள். பின்பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று திருப்பினாள். அங்கே ‘ஆசிரியரிடம் நீ சொல்ல விரும்புவது’ என்ற கட்டத்தில், பென்சிலால் ஏற்கெனவே எழுதியிருந்தது. சத்தமாகத்தான் படிக்கத் தொடங்கினாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

‘எனக்கு வயிறு வலித்தால் அப்பா அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டாம். அவர்கள் ரொம்பப் பயந்துவிடுவார்கள். நான் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டால் சரியாகிவிடும். வலித்தாலும் அழ மாட்டேன்.’

இத்தனை நாளும் நாங்கள் அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டதாக நினைத்தோம். அவள் எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தம்பி உட்கார்ந்தான். “லிஃப்ட்ல இந்த மாதிரி ஆனா, எது எதை மாத்தினோம்னே தெரியலன்னா, போட்டதை எல்லாம் கழட்டிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துடுவோம்” என்றான். எழுந்து ஒரு அட்டைப்பெட்டி எடுத்துவந்தான். உருண்டை, செம்பு டம்ளர், மரக்கட்டை, பெல்ட், பச்சை சொட்டு எல்லாம் உள்ளே போயின. அவன் மனைவி விதை டப்பாவையும் கசாயப் பொடியையும் கொண்டுவந்து வைத்தாள். நான் கீழே போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்தேன். புதுப் புட்டி. அதையும் போட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக டாக்டரம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பச்சை சொட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டு, புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, பேதிக்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம் என்றார். பவுடர் மட்டும் போதும், முகாமுக்குத் தாராளமாக அனுப்புங்கள் என்றார். படிவத்தில் உருண்டையை அடித்துவிட்டார்கள். பின்பக்கத்தில் எறும்பின் எழுத்தை அழிக்கவில்லை. அதன் கீழே தம்பி எழுதினான்: ‘வலித்தால் உடனே போன் செய்யவும். நாங்கள் பயப்பட மாட்டோம்.’ இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முகாமின் இரண்டாம் நாள் பிற்பகல் போன் வந்தது. நான் திரை மாட்ட மேலே போயிருந்தேன். தம்பி எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். டீச்சர், “இருங்க, அவளே பேசறா” என்றார்.

“அப்பா, வயிறு வலிக்குது.”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்தினாள், செருப்பு தேயும் அளவுக்கு. தம்பி கண்ணை மூடித் திறந்தான். அப்புறம் அந்தக் குரல் வந்தது, மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் குரல்.

“அப்படியா. எவ்ளோ நேரமா?”

“சாப்பிட்டதுல இருந்து.”

“சரி. எங்க படுத்திருக்கே? பக்கத்துல யார் இருக்கா?”

“டீச்சர்தான். கையில சிப்பி வெச்சிருக்கேன்.”

“எத்தனை? பெருசா சின்னதா?”

எறும்பு எண்ணினாள். பதினேழு. ஒன்றில் ஓட்டை இருந்ததாம். ஓட்டை எப்படி வந்திருக்கும் என்று பேசினார்கள். மணலில் கட்டிய வீட்டைப் பற்றிப் பேசினார்கள். அவனுடைய இடது கை மேசை விளிம்பைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. குரலில் மட்டும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு நிமிஷம் போயிருக்கும்.

“அப்பா, கொஞ்சம் இரு, டாய்லெட் போயிட்டு வரேன்.”

காத்திருந்தோம். யாரும் ‘வந்துச்சா’ என்று கேட்கவில்லை. என் நாக்கின் நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டேன்.

“அப்பா, இப்ப பரவால்ல. எல்லாரும் தண்ணியில இருக்காங்க. நான் போறேன்.” போன் கட்டாகிவிட்டது.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். நோட்டை இழுத்து எழுதினான். பழுது: வலி. செய்த வேலை: பேசினேன். பயப்படவில்லை. முடிவு: இயங்குகிறது.

அவன் மனைவி பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். “பொய் எழுதக்கூடாது” என்று பேனாவைப் பிடுங்கினாள். ‘பயப்படவில்லை’ என்பதை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: பயந்தோம். காட்டிக்கொள்ளவில்லை.