நாலு கூப்பிடு தூரம்

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, "பொறுமையின் வடிவம்" என்று தொடங்கச் சொல்லி உறவினர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. அவரோடு ஒரு நாள் பழகியவர்களுக்கும் அது தெரியும். காலமாகிவிட்டார் என்பதற்காக, இல்லாத குணத்தை அவர் தலையில் கட்ட மகளாகிய எனக்கு மனம் வரவில்லை.

அம்மா வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக் காவல்காரர் வீட்டில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, ஆத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். அப்பா சாது. வானம் பார்த்த நிலம் ஒன்றரை ஏக்கர். கிணறும் வற்றிய காலத்தில், அம்மாதான் அடுத்தவர் தோட்டங்களில் மல்லிகை பறித்து எங்கள் மூவரையும் வளர்த்தார். கடைசிப் பிள்ளையான தம்பியை ஏழு வயதில் மஞ்சள்காமாலைக்குப் பறிகொடுத்தார். மறுவாரமே அழுதுகொண்டு தோட்டத்துக்குப் போனார். போகாவிட்டால் எனக்கும் அண்ணனுக்கும் சோறு இல்லை.

பறித்த பூ வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் மார்க்கெட்டில் இருக்க வேண்டும். மொட்டு விரிந்தால் விலை விழுந்துவிடும். ஊரிலிருந்து பஸ் நிற்கும் மெயின் ரோட்டுக்கு வயல்களின் ஊடே ஒரு பாதை உண்டு. வழியில் ஓடை, ஓடைக்கரையில் எங்கள் மயானம். பூக்கூடை போனதும் பள்ளிப் பிள்ளைகள் போனதும் பாடை போனதும் அந்த வழியில்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஓடைக்கு இந்தப் பக்கம் நிலம் வாங்கிய ஒருவர், பிளாட் போடுவதற்காகக் கல் ஊன்றி முள்கம்பி கட்டினார். கேட்டதற்கு, சர்க்காரின் நில அளவைப் படத்தில் இங்கே பாதையே கிடையாது என்றார். விசாரித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். படத்தில் வெறும் வயல்தான் இருந்தது. தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் முதல் பஸ் போய்விடும்.

நமக்கு எதற்கு வம்பு என்றார் அப்பா. ஊரும் அதையே சொன்னது. படத்தில் இல்லையென்றால் நாமே படம் போட்டுக் கொடுப்போம் என்றார் அம்மா.

சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் வீட்டில் இருந்தது. வெற்றுக் கேசட் இல்லை. அப்பா தினமும் காலையில் கேட்கும் பக்திப் பாட்டுக் கேசட்டின் முதுகில், மறுபதிவைத் தடுக்கும் ஓட்டையில் காகிதத்தை அடைத்து, அதன் மேலேயே பதிவு செய்தார் அம்மா. அப்பா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் காதில் விழும் தூரம் ஒரு கூப்பிடு. எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலு கூப்பிடு. ஒவ்வொரு கூப்பிடும் முடியும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, அந்த இடத்தைப் பற்றிப் பேச வைத்தார் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் புளியமரத்தடியிலேயே பிள்ளை பெற்ற செல்லம்மா அத்தை, சிரித்துச் சிரித்து அந்தக் கதையைச் சொன்னார். இடையிடையே அம்மாவே வழி சொல்லிக்கொண்டு நடந்தார். கம்பி வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் நுழைந்து, அந்தப் பக்கமும் போய்ப் பேசினார். பேச்சு விட்டுப்போன இடங்களில் பழைய பக்திப் பாட்டின் நாதஸ்வரம் கேட்கும்.

நான் அப்போது திண்டுக்கல்லில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். டேப்பை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சார்ட் பேப்பரில் பாதையை வரைந்தவள் நான். கேட்டதைக் கேட்டபடி, தூரத்தையும் கூப்பிடு என்றே எழுதி மனுவோடு இணைத்துவிட்டேன். சர்வே அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து மேசைகளிலும் சிரிப்பு. படித்த பெண் என்று பெயர் எடுத்த எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கூப்பிடுன்னு ஒரு அளவே கிடையாதும்மா. மீட்டர்ல எழுதிக் கொண்டாங்க" என்றார் அவர்.

"அளக்க வந்தப்ப எங்களக் கூப்பிட்டிருந்தா மீட்டர்லயே சொல்லியிருப்போம் சார்" என்றார் அம்மா.

சிரிப்பு நின்றுபோனது. அந்த அதிகாரி நல்ல மனிதர், மறுவாரம் தனியாக ஸ்கூட்டரில் வந்தார். அம்மா டேப் ரிக்கார்டரை அவர் கையில் கொடுத்து, எங்கள் வீட்டு வாசலிலிருந்து நடக்கச் சொன்னார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். வரப்பு என்று டேப் சொன்ன இடத்தில் வரப்பு இருந்தது, சகதி என்ற இடத்தில் சகதி இருந்தது. இரண்டாவது கூப்பிடு தாண்டியதும் முள்கம்பி வந்தது. அவர் நின்றார். டேப் நிற்கவில்லை.

"நேரா வாங்க, ஓடை வரும். அந்தாக் கரை மேல கள்ளிச்செடி தெரியுதுல்ல, அங்கதான் எம்புள்ள கெடக்கான். செத்த நேரம் நின்னுட்டுப் போங்க."

அந்த இடத்தை நான் படத்தில் குறிக்கவில்லை. டேப்பில் கேட்டிருந்தும் என்னால் குறிக்க முடியவில்லை. அதிகாரி கம்பியைப் பிடித்தபடி, கேசட் முடியும் வரை அங்கேயே நின்றார். பிறகு நில உரிமையாளரைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த வாரமே ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் கம்பியைத் தள்ளிக் கட்டினார்கள். படத்தில் பாதையைச் சேர்ப்பதற்குள் அந்த அதிகாரிக்கு மாறுதல் வந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் யாரும் மனுவைத் தொடவில்லை.

கடைசி இரண்டு வருடங்கள் சர்க்கரை வியாதியால் அம்மாவுக்குக் கால் போய்விட்டது. படுத்த இடத்திலிருந்தே, இன்று பாதையில் யார் யார் போனார்கள் என்று விசாரிப்பார். பஸ்ஸுக்குச் சுற்றிப்போனவர்களுக்கு நல்ல வசவு கிடைக்கும். அவர் கண்ணை மூடியபோது பிளாட் வேறு கை மாறியிருந்தது. பாதையில் ஒரு கேட்டும் பூட்டும் வந்திருந்தன. அமரர் ஊர்தியில் தார் ரோடு வழியாகப் போய்விடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அப்பா சம்மதிக்கவில்லை. சாவி முதலாளியிடம் இருப்பதாகக் காவலாளி சொன்னதும், வம்பே வேண்டாம் என்று வாழ்ந்த அப்பா பாடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"தொறக்குற வரைக்கும் இருக்கோம்ப்பா. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவளுக்கும் இல்ல" என்றார்.

அரை மணி நேரத்தில் கேட் திறந்தது.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், வெயிலில் அப்பாவோடு உட்கார்ந்தவர்களுக்கும், அம்மாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டிய அண்ணிக்கும், டேப்பில் குரல் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரின் பின்னட்டையில் நான் வரைந்த பாதைப் படத்தை அச்சிட்டிருக்கிறோம். தம்பியின் இடத்தை இப்போது குறித்திருக்கிறேன். அம்மாவின் இடமும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். பாதையில் ஆள் நடமாட்டம் உண்டா என்று பார்க்க அதிகாரிகள் எந்த நாளிலும் வரலாம். இல்லை என்று எழுதிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கக் கூடாது. ஆகவே தலைத்திவசத்துக்கு வருகிறவர்கள் தயவுசெய்து யாரும் ஊருக்குள் காரைக் கொண்டுவர வேண்டாம். மெயின் ரோட்டிலேயே இறங்கி, பாதை வழியாக நடந்து வாருங்கள்.