ஆறடி மஞ்சளும் ஒரு கூடைப் புளியும்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை நான் ஜவ்வாது மலைக்குப் போனது அருவி பார்க்க அல்ல, ஒரு மஞ்சள் துணியைச் சுருட்டிக் கட்ட. என் அக்கா கயல் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, காவலூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்து ஓவியம் வரைகிறாள். வரைகிறாள் என்பதே கொஞ்சம் மிகை. கோடு கிடையாது, உருவம் கிடையாது, நிறம் மட்டும்தான். மாத முடிவுக்குள் ஒரு படமாவது விற்காவிட்டால் மூட்டை கட்டி வேலூருக்குத் திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் ஆணை. அன்று மதியம் சென்னையிலிருந்து ஒரு கேலரி மேடம் முதல் படத்தை வாங்க வருவதாக இருந்தது. பேக்கிங்குக்கு நான்.

காலை 6.10க்கு வேலூரில் பஸ், 7.30க்கு ஒடுகத்தூர், டிக்கெட் 35 ரூபாய். அங்கிருந்து ஆலங்காயம் வழியாக ஆட்டோ. பேரம் பேசி 850. (பஸ்ஸும் உண்டு. பொறுமைதான் இல்லை.) வழியில் ஆட்டோ அண்ணனிடம் படத்தின் விலையைச் சொன்னேன். ஆறுக்கு நாலடி, சதுர அடிக்கு ஆறாயிரம், மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்.

"எங்க ஊர்ல மனையே சதுரடி ஆயிரத்தி இருநூறுதான் தம்பி. படத்துல போர் போட்டா தண்ணி வருமா?"

"பட்டாகூட வராதுண்ணா."

9.15க்கு வீடு. பின்னால் ஒரு தட்டைப் பாறை, அதன்மேல் படம் காய்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து கீழ்வரை மஞ்சள். உற்றுப் பார்த்தால், கீழே கொஞ்சம் கூடுதல் மஞ்சள். கால் மணி நேரம் உற்றுப் பார்த்தேன். காமாலை வந்துவிடும் போலிருந்தது. அக்கா உள்ளே பேக்கிங் தாள் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது புளிக்கூடையோடு பக்கத்து வீட்டு லட்சுமிக்கா வந்தார்.

"இன்னா தம்பி இது?"

முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். "தார்ப்பாய்க்கா. புதுசு."

"நல்லா கெட்டியா கீது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். எனக்குத் தெரியாதது ஒன்று: புளி சீசனில் மலையில் வெயில் படும் தட்டையான இடமெல்லாம் பொது. பாறையோ ரோடோ யார் வீட்டுத் தார்ப்பாயோ, காலியாகக் கிடந்தால் புளியைப் பரப்பிவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் கோபிப்பதில்லை.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினால், படத்தின் ஓரத்தில் ஓரடி அகலத்துக்குப் புளி. வயிற்றில் புளியைக் கரைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். இது கரைக்காத புளி. அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"தார்ப்பாய்னு நீதானப்பா சொன்ன?" என்று லட்சுமிக்கா அவள் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

அக்கா திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கடி ஜோக் சொல்லியிருப்பேன். திட்டவில்லை. லட்சுமிக்கா புளியை வார வார, அடியில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன.

"ஈரத்துணில தொடைக்கட்டுமாம்மா?"

"வேணாங்க, இன்னும் பரவிடும்."

விலையைக் கேட்டதும் அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "இதுல இன்னாம்மா கீது?"

"மஞ்சள் இருக்குங்க" என்றாள் அக்கா.

ஒரு மணிக்கு மேடம் அளவு டேப்போடு வந்தார். குனிந்து பார்த்தார். "புளி அமிலம். ஒரு வருஷத்துல நிறத்தைத் தின்னுடும். இந்த ஓரத்தை வெட்டிடலாம். அஞ்சுக்கு நாலு, ஒரு லட்சத்து இருபதாயிரம்."

"அளவு குறைஞ்சா அது வேற படம் மேடம்."

"சரின்னா இப்பவே எடுத்துக்கறேன். இல்லன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. எல்லா இடமும் ஒரே மஞ்சள் என்றால், ஓரடி போனால் என்ன? ஒன்றுமில்லை என்றால், அந்த ஓரடிக்கு இருபத்து நாலாயிரம் எதற்கு? இரண்டு பேரிடமும் கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வைதான் அன்று முழுக்க ஒரே நிறமாக இருந்தது.

அக்கா பாறையைச் சுற்றி வந்து, நாலு பக்கமிருந்தும் படத்தைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "நீ வெட்டு."

நாலடி நீளம். பாதியில் கோடு கோணியது, நிறுத்திவிட்டேன். மீதியை அவள் என் கைமேல் கை வைத்து வெட்டினாள். 2.20க்கு மேடத்தின் கார் படத்தோடு மலை இறங்கியது. அக்கா அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "வித்துடுச்சுப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். அது சந்தோஷமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு: விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள். கையில் ரொக்கம் வைத்திருங்கள். சிக்னல் மரத்துக்கு மரம் மாறும். காவலூர் வானாய்வுக்கூடத்தின் தொலைநோக்கியைப் பார்க்க ஆசைப்பட்டால் அனுமதி நேரத்தை முன்னாலேயே விசாரியுங்கள். திரும்பும்போது ஆலங்காயம்வரை பஸ்ஸில் வாருங்கள், ஜன்னலோரம் அருமை.

நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. வெட்டுவதற்கு முன் எடுத்த ஃபோட்டோவையும் பின் எடுத்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டும் மஞ்சள்தான். ஆனாலும் ஆலங்காயம் வருவதற்குள் இரண்டாவதை அழித்துவிட்டேன். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.