பண்ணையாரின் தொடையும் என் சுத்தியலும்

முறிந்த தொடை எலும்பின் உள்துளையில் ஸ்டீல் ராடு இறக்குவது ஏதோ நாசூக்கான வேலை என்று யாராவது நினைத்தால், ஒருநாள் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் வந்து நிற்கட்டும். துளைபோடும் கருவி, சுத்தியல், வியர்வை. மரவேலைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான்: மரம் மறுநாள் காலையில் “என்ன ஆச்சு டாக்டர்?” என்று கேட்காது.

அன்று என் மேசையில் படுத்திருந்தவர் எங்கள் ஊர்ப் பண்ணையார். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகும் சமையல்காரர் பேரில், மாட்டுக்காரர் பேரில் என்று நிலத்தைக் காப்பாற்றிக்கொண்ட கெட்டிக்காரர். கீழ்வேளூர்ப் பக்கம் மொபெட்டோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார்.

என் அப்பா அவர் வயலில் கூலி வேலை செய்தவர். கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டுச் சங்கத்தில் சேர்ந்தபோது, பண்ணையாரின் ஆட்கள் அப்பாவின் இடது கையை உடைத்தார்கள். அது கோணலாகச் சேர்ந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் எலும்பு டாக்டர் ஆனேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். என் மார்க்குக்கு அந்தப் படிப்புதான் கிடைத்தது என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ராடு பாதியில் இறுகியது. வெளியே எடுத்து, துளையை இன்னொரு சுற்று அகலப்படுத்தியிருக்க வேண்டும். எனக்குப் பசி, கொஞ்சம் திமிர். இன்னும் இரண்டு தட்டு தட்டினேன். சடக்! முறிவுக்குக் கீழே நன்றாக இருந்த எலும்பு நீளவாக்கில் பிளந்துகொண்டது. கம்பி சுற்றி இறுக்கி ஒருவழியாக நிறுத்தினேன். ஆறு வாரத்தில் ஊன்ற வேண்டிய கால் இனி மூன்று மாதம், அதுவும் சரியாகச் சேர்ந்தால்.

செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டது. டாக்டர் பழிதீர்த்துவிட்டார் என்று எங்கள் தெருவில் பேச்சு. பண்ணையார் தெருவிலும் அதே பேச்சு. அவர் மகன் போலீசில் புகார் கொடுக்கக் கிளம்பிவிட்டார். இரண்டு தெருவும் ஒன்றாக நம்பிய முதல் விஷயம் இதுதான்.

அப்பா ஒரு கிலோ பூந்தியோடு வந்தார்.

“சொல்லாம கொள்ளாம செஞ்சிட்டியேடா!”

“கை தவறிடுச்சுப்பா.”

“ஆமா, அப்படித்தான் சொல்லணும்” என்று கண்ணடித்தார்.

வேலை தெரியாதவன் என்று திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மயக்கத்தில் கிடப்பவர் காலை உடைக்கிற ஆள் என்றல்லவா கொண்டாடுகிறார்கள்! அப்பா கையை உடைத்தவரிடமே, அதாவது இப்போது கால் உடைபட்டவரிடமே, சொல்லிவிடுவது என்று எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு பண்ணையார் கட்டிலுக்குப் போனேன்.

“ஐயா, இந்த ரெண்டாவது முறிவு நான் பண்ணின தப்புங்க. வேணும்னு பண்ணலை. கேஸ் ஷீட்லயும் எழுதியிருக்கேன்.”

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“உங்கப்பன் கை உடைஞ்சப்ப நானும் ஸ்டேஷன்ல இப்படித்தான் எழுதிக் குடுத்தேன் தம்பி. வரப்புல வழுக்கி விழுந்துட்டான்னு.”

என் உண்மையும் அவருடைய பொய்யும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நான் எப்ப நடப்பேன்?”

“மூணு மாசம் ஆகும். நடக்க வச்சிடுவேங்க.”

“அவனுக்குக் கை சேர எவ்வளவு நாளாச்சு?”

“நேரா சேரவே இல்லைங்க” என்றேன்.

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். மகனைக் கூப்பிட்டு, புகார் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மூன்று மாதம் வாராவாரம் நானே பார்த்தேன். கடைசியில் கம்பூன்றி வார்டைச் சுற்றி வந்தார். கால் நூல் பிடித்த மாதிரி நேராகச் சேர்ந்திருந்தது. அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை.