வேங்கைப் பலகைக்கு நெருக்கப் பல்

கோட்டுச்சேரி மரப்பட்டறையில் கருப்பையன் முன்னால் நின்று மரத்தை ரம்பத்துக்குள் தள்ளுவான். நான் பின்னால் நின்று இழுப்பேன். பதினாறு வருஷம் இப்படித்தான். எந்த மரத்துக்கு எந்தப் பிளேடு என்பதில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரு குறை, என் உயிரை வாங்கிய குறை. யார் எது கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அவன் ஊர் வரிச்சிக்குடியில் எவன் வீட்டுத் தண்ணி மோட்டார் நின்றாலும் சோத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவான்.

போன செவ்வாய்க்கிழமை ஆஸியா பீவி மினிலாரியில் ஒரு வேங்கைப் பலகை கொண்டுவந்தார். கூடவே மகன் முகம்மது இப்ராஹிம். ஒன்றரை அடி அகலம், நாலு விரற்கடை கனம். அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் ஜுவைரியாவின் வீட்டு வாசக்கதவுக்காக ஆஸியா பீவியின் கணவர் வாங்கிப் போட்ட மரம். வீடு எழும்புமுன் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பலகையைக் கனவாட்டில், அதாவது கனம் பாதியாகும்படி, இரண்டாகப் பிளந்தால் இரண்டு கதவிலும் ஒரே ரேகை எதிரெதிரே வரும். இருந்தது அந்த ஒரு பலகைதான்.

"இதுக்கு அகலப் பல்லு பிளேடு வேணும்மா," என்றான் கருப்பையன். "பல்லுக்குப் பல்லு இடம் இருந்தாத்தான் தூளு வெளிய வரும். அது சாணைக்கு மாயவரம் போயிருக்கு. நாளைக்கு மத்தியானம் பஸ்ல வந்துரும்."

"நாளைக்குக் காலையில எம்மவன் சவுதிக்குப் போறான் தம்பி. வாப்பா வாங்குன மரம் கதவாப் பிரியறதக் கண்ணால பாத்துட்டுப் போவட்டுமே. வேற பிளேடு இல்லீங்களா?"

இருந்தது. மெல்லிய சட்டம் அறுக்கிற நெருக்கப் பல் பிளேடு. நான் சாடை காட்டினேன், இருமினேன், அவன் காலைக்கூட மிதித்தேன். "பாப்போம்மா," என்றான் பாவி.

பலகையை விளிம்பில் நிறுத்திப் பதமாகத்தான் தள்ளினான். மேலே சாக்பீஸ் கோடு இம்மி பிசகவில்லை. பாதி தாண்டியதும் ரம்பம் கீச்சிட்டது, கருகல் வாடை வந்தது. தூள் பல்லிடுக்கில் அடைத்துச் சூடேறினால் பிளேடு மரத்துக்குள்ளேயே வளைந்து ஓடும், வெளியே தெரியாது. அவன் என்னைப் பார்த்தான். நிறுத்தி என்ன பண்ண? அறுத்தது அறுத்ததுதானே! நான் இழுத்தேன்.

பலகை பிரிந்தது. ஒன்று நடுவில் வயிறு மாதிரி புடைத்திருந்தது. மற்றது அதே இடத்தில் அப்பளமாக மெலிந்து ஓட்டையே விழுந்திருந்தது. இப்ராஹிம் லாரிப் பக்கம் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கருப்பையனை நாலு அறை விட்டிருப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

ஆஸியா பீவி அந்த ஓட்டையை உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"கதவு வேணாம் தம்பி. அவங்க வாங்கிப் போட்டாப்புல ஒரே பலகையாவே திருப்பிக் குடுத்துடுங்களேன்."

கருப்பையன் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான். அந்த வார்த்தையை அவன் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

"முடியாதும்மா."