மூடிமேல் வைத்த நீலப் புள்ளி

என் மனைவி எலிக்குட்டிகளின் விழித்திரையிலிருந்து ரத்தக்குழாய் செல்களைப் பிரித்து வளர்த்தவள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்வை ஏன் போகிறது என்று ஆராயும் கூடத்தில் வேலை. யாராவது கேட்டால் “லேப்ல இருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கண் திறக்காத குட்டிகளைத் தன் கையாலேயே கொல்ல வேண்டியிருக்கும். அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. போன மாதம் அவள் இறந்துபோன பிறகு எல்லோரும் அவளுடைய பொறுமையைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரே ஒரு வாரம்.

அந்த வாரம் ஒரு மாலை அவளை அழைத்துவரப் போயிருந்தேன். செல் அறைக்குள் வெளியாள் போகக்கூடாது. கண்ணாடிக் கதவைத் தட்டினேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து அவள் தலையை எடுக்கவில்லை. பிறகு வெளியே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“ஒட்டலங்க.”

“எது?”

“உறைய வெச்சிருந்த செல்லுல கடைசிக் குழாய். காலைல எடுத்துக் குடுவைல போட்டேன். இந்நேரம் அடியில ஒட்டியிருக்கணும். உருண்டுக்கிட்டுக் கிடக்கு.”

இந்த செல்கள் வெறும் பிளாஸ்டிக்கில் ஒட்டாதாம். குடுவையின் உட்பக்கம் ஜெலட்டின் பூச வேண்டும். பூசியதும் பூசாததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், பூசிய குடுவையின் தோளில் நீல மையால் புள்ளி வைப்பார்கள். அன்று பூசியவள் என் மனைவியுடன் வேலை பார்க்கும் பெண். ஓயாத ஓட்டத்தால் சித்தெறும்பு என்று பெயர். என் மனைவி அவளுக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டாள்.

“புள்ளிய எங்கடி வெச்ச?”

“மூடிலக்கா. குடுவைல வெச்சா அழியுதுன்னு நீங்கதானே திட்டுனீங்க?”

“பூசினது பூசாதது ரெண்டு குடுவை மூடியையும் கழட்டிப் பக்கத்துல பக்கத்துல வெச்சேன்டி! எது எதுக்கு மாட்டினேன்னு யாருக்குத் தெரியும்? புள்ளிய உன் மண்டைல வெச்சிருக்கலாம்.”

“அதுவும் கழண்டதுதானேக்கா.”

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்குள் அவர்கள் மீசை என்று கூப்பிடும் கூடத்தின் தலைவர் வந்துவிட்டார். “போனா போகட்டும்மா. ரெண்டாவது கூண்டுல குட்டிங்க இருக்கே, நாளைக்கு அதுங்கள எடுத்துப் புது செல் பிரிச்சுக்கலாம்.”

“காலைல பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். “பூசாத குடுவைன்னா, மாத்தலேன்னா எல்லாம் செத்துடும். பூசினதா இருந்து, இப்பதான் ஒட்ட ஆரம்பிச்சிருந்தா, மாத்தும்போது பிச்சுக்கும். என்ன பண்ணட்டும்?”

 என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

உள்ளே போனாள். புதுக் குடுவையில் ஜெலட்டின் பூசிக் காத்திருந்தாள். பிறகு பழையதைச் சாய்த்து, செல்கள் மிதந்த திரவத்தைச் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக மாற்றினாள்.  தோள்கள் காது வரை ஏறியிருந்தன.

 மறுநாள் காலையில் எதுவும் குடிக்காமல் கிளம்பினாள். நானும் கூடவே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சற்றே விலக்கிக் காட்டினாள். கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

மீசை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இது பத்தாது. குட்டிங்கள எடுத்துடு.”

“ஒரு வாரம் குடுங்க சார். இருக்குற செல்லையே பெருக்கிடறேன்.”

“ஒரு வாரத்துல குட்டிங்க வளந்து கண்ணு தொறந்துடும், அப்புறம் நமக்கு உதவாது. இதுவும் புட்டுக்கிச்சுன்னா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சா சரி. கவுந்தா நீதான் பதில் சொல்லணும்.”

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் போனாள். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்துவிடுவாள். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும். ஒருநாள் சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“குடுவை நிரம்பிடுச்சுங்க. இடமே இல்ல.”

“அப்பாடா! குட்டிங்க?”

“எல்லாம் கண்ணு தொறந்துடுச்சு.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அடுத்த மாசம் வேற குட்டி பொறக்கும். அப்ப நான்தான் எடுக்கணும்,” என்றாள். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, “பசிக்குது. என்ன இருக்கு?” என்று கேட்டாள்.