கணினி ஒப்புக்கொள்ளாத நாலு ஏக்கர்

நல்லம்பள்ளிப் பக்கம் ஏரிப் பாசனத்தின் கடைமடையில் என் அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. அந்த ஆண்டு தக்காளி காய்ப்புக்கு வந்திருந்தது. இன்னும் மூன்று தண்ணீராவது பாய்ச்சியாக வேண்டும். ஏரியில் பாதிதான் இருந்தது.

அப்போதுதான் ஒரு பெண் பொறியாளர் மடிக்கணினியுடன் பாசனச் சங்கக் கட்டடத்துக்கு வந்தார். ஆறு, ஏரி, மதகு ஆகியவற்றின் நீர்ப் பங்கீட்டுக்கென்றே உருவாக்கிய நிரல்மொழி ஒன்றில் எங்கள் ஏரியை எழுதப் போவதாகச் சொன்னார். எது நடந்தாக வேண்டும் என்று எழுதினால் போதும், வழியை அதுவே தேடிக்கொள்ளுமாம். எந்த வயலும் காயக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக எழுதினார். கைதட்டினோம். பிறகு, யாருக்கு எத்தனை ஏக்கர் சாகுபடி என்று எழுதித் தரச் சொன்னார்.

அதிகாரிகளிடம் எதையும் இரட்டிப்பாகக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். அவர்கள் பாதியாக வெட்டுவார்கள்; நேராகிவிடும். அண்ணனுக்கு நான்தான் எழுதினேன்: நாலு ஏக்கர். பிறர் தரும் எண்களைச் சரிபார்த்தே நாளிதழில் காலம் தள்ளியவன் நான். கை கூசவில்லை.

நிரலுக்கு வெட்டத் தெரியவில்லை. எழுதியதை அப்படியே நம்பியது. 'தீர்வு இல்லை' என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

"தீர்வு வராம மதகு தொறக்க மாட்டாங்க" என்றார் பொறியாளர்.

"ஏங் கண்ணு, கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லேன் அத" என்றார் சங்கத் தலைவர். அவர் நிலம் மதகை ஒட்டியே இருக்கிறது.

"அது உங்கள நம்புதுங்க. நான்தான் நம்பல. ஏரிக்குக் கீழ மொத்தமா இருக்குற நெலத்தவிட உங்க கூட்டல் அதிகமா வருது."

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எனக்கு ஆறு இல்லீங்க, மூணு. களத்தையும் சேத்துட்டேன்."

"மூணு ஏக்கர்ல களமா? அங்க என்ன, பிளேனா எறக்குற?" என்றார் பக்கத்தில் இருந்தவர். அடுத்து அவரே எழுந்து, வீட்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பொறியாளர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். கடைசியாகத் தலைவரும் எட்டை நாலாக்கினார். சிவப்பு வரி போகவில்லை.

"இன்னும் ரெண்டு ஏக்கர் அதிகமா வருதுங்க. ஒருத்தர் பாக்கி இருக்கீங்க" என்றார் பொறியாளர்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். "கம்முனு இருடா. அந்தாளு இன்னும் கொறைப்பாரு."

தலைவர் குறைக்கவில்லை. பொறியாளர் கணினியை மூடப் போனார். மதகு திறக்காவிட்டால் முதலில் காய்வது கடைமடை. அண்ணன் எழுந்துவிட்டார்.

"எனக்கு ரெண்டுதானுங்க. எந் தம்பி எழுதுனது. பேப்பர்ல இருந்தவன் பாருங்க, உள்ளத உள்ளபடி எழுத வராது."

அறை அதிரச் சிரித்தார்கள். தலைவர் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார். பொறியாளர் எண்ணைத் திருத்தினார். சிவப்பு வரி மறைந்து பட்டியல் வந்தது. கடைமடைக்கு மூன்று தண்ணீர்.

அண்ணன் பட்டியலை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அதுதான் இப்ப நல்ல மனசோட இருக்குதே, இன்னொரு தண்ணி கேட்டுப் பாரேன்" என்றார்.